அறுபது முதல் எழுபது வரை

ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூரைத் தாண்டி அந்தப் பல் மருத்துவக் கல்லூரி 1986-ல் திறக்கப்பட்டபோது, அதன் கட்டடம் பத்து வருடம் கல்யாண மண்டபமாக உழைத்து முடித்திருந்தது. மணமகள் அறை எக்ஸ்ரே அறையாயிற்று. மணமகன் அறையில் முதல்வர் உட்கார்ந்தார். பந்தி நடந்த கூடத்தில், இலை போட்ட அதே கடப்பைக் கல் மேசைகளின் மேல் மாணவர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்து குழைத்தார்கள். தாலி கட்டும் மேடையில் நான்கு பல் நாற்காலிகள் போடப்பட்டன. நோயாளி படியேறி மேடைக்குப் போய் வாயைத் திறக்க, கூட வந்தவர்கள் கீழே இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்த மாதங்களில் தேதி கேட்டு ஆள் வருவது 1990 வரை நிற்கவில்லை.

படிப்பின் முதல் வருடம் மெழுகு. ஆளுக்கு ஒரு மெழுகுக் கட்டியும் கத்தியும் கொடுத்து, கடைவாய்ப் பல்லை அதன் மேடு பள்ளங்களோடு செதுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கியதை ஆசிரியர் வாங்கிப் பார்ப்பார், கீழே போட்டுச் செருப்பால் மிதிப்பார், "அடுத்தது" என்பார். அதே வருடம் பிடுங்கிய பற்கள் ஒரு பாட்டில் நிறையக் கொண்டுவர வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பல் டாக்டர்களின் வாசலில் மாணவர்கள் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நின்றார்கள். இரண்டாம் வருடம் சாந்தில் செய்த தாடைகளில் பல் அடுக்குவது. மூன்றாம் வருடம் மனிதர்கள் வந்தாக வேண்டும். இத்தனை பல் பிடுங்கினேன், இத்தனை அடைத்தேன், இத்தனை கட்டினேன் என்று கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். கல்லூரிக்குத் தானாக நோயாளி வருவது அபூர்வம் என்பதால், நோயாளியைக் கண்டுபிடிப்பதும் பாடத்திட்டத்தில் சொல்லாமலே சேர்ந்துவிட்டது. மாணவர்கள் மின்சார ரயிலில் யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்தார்கள். சொந்தக்காரர் கல்யாணத்தில் சிரிக்கிற மாமாக்களின் வாயை எண்ணினார்கள். திருநீர்மலை உற்சவத்தின்போது மலையடிவாரத்தில் 'இலவசப் பல் முகாம்' என்று துணி கட்டி, பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கியவர்களை வழிமறித்தார்கள்.

கடைசி வருடப் பரீட்சைக்கு ஒரு பல்கூட இல்லாத ஆள் தேவை. அவர் வாயை அளவெடுத்து, மெழுகில் பல் அடுக்கி, பரீட்சை நாளன்று வாயில் வைத்துக் காட்ட வேண்டும். வெறும் பொக்கை வாய் போதாது. பல் போன பிறகு ஈறு தேயாமல் மேடாக நிற்க வேண்டும். அதை மாணவர்கள் 'ரிட்ஜ்' என்றார்கள். ரிட்ஜ் இருந்தால் பல் செட்டு உட்காரும், இல்லாவிட்டால் பேசும்போது மிதக்கும். நல்ல ரிட்ஜ் உள்ள கிழவரின் விலாசத்தை ஒருவருக்கொருவர் சொல்லமாட்டார்கள்.

1994 ஏப்ரல் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கையில் தபீதாளிடம் ஆள் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்த லாசரஸின் ஒரே மகள் அவள். மார்க் வாங்கி அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். லாசரஸ் மே மாதம் ஓய்வுபெறுகிறார். பிரிவு உபசார விழா அழைப்பிதழில் தன் பெயருக்குக் கீழே 'மகள்: டாக்டர் தபீதாள்' என்று போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வெளியே சொல்லாத ஆசை. வெளியே சொல்லாவிட்டாலும் திருச்சபையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பொன்னுரங்கத்தின் பெயரை அவளிடம் சொன்னவன் வகுப்புத் தோழன் தசரதன். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்து, அதை மனையாக்கி விற்றுக்கொண்டிருந்த குடும்பத்துப் பையன். அவன் வீட்டு வாசலில் 'டாக்டர் தசரதன்' பலகை அவன் இரண்டாம் வருடம் தவறியபோதே மாட்டப்பட்டுவிட்டது.

"பெருங்களத்தூர் ஸ்டாப்ல பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவாரே, பொன்னுரங்கம், அவரு ரிட்ஜப் பாத்துக்கீறியா? ரயில் தண்டவாளம் தபீ. சும்மா நிக்கும்."

"அப்ப நீ ஏன் எடுக்கல?"

"நமக்கு அங்காளம்மா கீது, நம்ம வூட்டுத் தோட்டத்துல வேல செய்யுது. சொன்னா சொன்ன எடத்துல வாயத் தொறக்கும். அந்தாளு வாய் ஜாஸ்தி. ரெண்டு பேட்ச் பசங்க ஆளுக்கொரு செட்டு கட்டிக் குடுத்தாங்க, ரெண்டையும் திட்டிகினு கீறாரு."

மறுநாள் சாயங்காலம் தபீதாள் பெருங்களத்தூர் நிறுத்தத்துக்குப் போனாள். தெற்கே போகிற பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று புகை கக்கிக்கொண்டிருந்தன. காக்கிச் சட்டையின் மேல் துண்டு போட்ட, ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒவ்வொரு பஸ்ஸின் பக்கவாட்டையும் தட்டிக் கூவிக்கொண்டிருந்தார். பல் இல்லாததால் ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஒன்றாகக் குழைந்து கஞ்சி மாதிரி வந்தன. மதுராந்தகத்துக்கு என்று ஏறிய ஒரு குடும்பம் வேறு பஸ் என்று தெரிந்து சண்டை போட்டு இறங்கியது.

விஷயத்தைச் சொன்னாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பல்லா? வேணாம் பாப்பா. எங்கிட்ட ரெண்டு செட்டு கீது. ஓணும்னா நீ ஒண்ணு எடுத்துக்கோ."

"போட்டுக்கிட்டா வலிக்குதாங்கய்யா?"

"வலியா? அது ஒண்ணியும் இல்ல. விசில் அடிக்குது."

"விசிலா?"

"விசிலுதான். சிங்கப்பெருமா கோயில்னு சொன்னா ஒரு விசிலு. செங்கல்பட்டுன்னா இன்னொரு விசிலு. ரெண்டாச்சா? ரெண்டு விசிலு அடிச்சா டிரைவரு இன்னா பண்ணுவான்?"

தபீதாளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு விசில் நிற்கச் சொல்வது, இரண்டு விசில் புறப்படச் சொல்வது. தமிழ்நாட்டில் பஸ் ஏறிய எல்லோருக்கும் தெரியும்.

"போன பொங்கலுக்கு மொத நாளு. கூட்டம்னா கூட்டம். கண்டக்டரு கீழ எறங்கி டீ குடிச்சிகினு கீறான். நான் புதுப் பல்லு போட்டுகினு கூவறேன். வண்டி கெளம்பிப் போய்கினே கீது. கண்டக்டரு டீ கிளாசோட பின்னாலயே ஓடறான். வண்டலூர்ல போய்தான் டிரைவரு திரும்பிப் பாத்தானாம், டிக்கெட் குடுக்க ஆளில்ல. திரும்பி வந்து என் சட்டையப் புட்ச்சிட்டான் பாப்பா. அன்னிக்குக் கழட்டுனதுதான்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கு சிரிப்பு. பல்லு இல்லாம கூவுனா ஒரு பய ஏறமாட்டேன்றான். பல்லோட கூவுனா வண்டியே நிக்கமாட்டேன்து. நான் இன்னா பண்ணட்டும்? விசில் இல்லாம பல்லு கட்டுவியா, வர்றேன். இல்லாங்காட்டி போய்கினே இரு."

"கட்டறேங்கய்யா" என்றாள் தபீதாள். பரீட்சைக்கு ஐந்து வாரமே இருக்கையில் வேறு எதையும் சொல்லக்கூடிய நிலையில் அவள் இல்லை.

கல்லூரியின் செயற்கைப் பல் துறை அலமாரியில் பொன்னுரங்கத்தின் பழைய கேஸ் தாள்கள் இரண்டும் இருந்தன. இரண்டிலும் 'S ஒலி: திருப்தி' என்று எழுதிக் கையெழுத்தாகியிருந்தது. கண்டக்டரை வண்டலூர் வரை ஓட வைத்த ஒலி எப்படித் திருப்தியாயிற்று என்று அவள் யோசித்தாள்.

அந்தத் தாள் துறைத் தலைவர் டாக்டர் பக்தவச்சலத்தின் படைப்பு. அவர் செயற்கைப் பல் துறையைத் தொடங்கிய வருடமே, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் ஆங்கிலப் பாடநூலிலிருந்து தமிழாக்கி அச்சடித்துவிட்டார். தாய்மொழியில் மருத்துவம் வளர்த்ததற்காக ஒரு தமிழ் மன்றம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. அந்தப் புகைப்படம் அவர் அறையில், ஒரு பெரிய பிளாஸ்டிக் தாடைக்கு மேலே தொங்கியது. புதுப் பல்லோடு நோயாளி சரியாகப் பேசுகிறாரா என்று பார்ப்பதற்கு அந்தத் தாளில் ஒரு கட்டளை உண்டு: 'S ஒலிச் சோதனை: அறுபது முதல் எழுபது வரை எண்ணச் சொல்லவும்.' ஆறு வருடமாக எல்லா மாணவர்களும் எண்ணச் சொன்னார்கள். எல்லா நோயாளிகளும் எண்ணினார்கள். யாருக்கும் பிசகு வந்ததாகப் பதிவே இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது தபீதாள் தட்டைப் பார்த்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தாள்.

"அறுபது, அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு..."

"என்னம்மா?" என்றார் லாசரஸ்.

"அப்பா, இதுல S எங்க வருது?"

லாசரஸ் முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளின் வாயிலிருந்து S-ஐயும் F-ஐயும் வரவழைத்தவர். அவரும் எண்ணினார். எழுபது வரை போய்விட்டு மறுபடி அறுபதுக்கு வந்தார்.

"புஸ்தகத்துல இங்கிலீஷ்ல எப்படி இருக்கு?"

"கவுண்ட் ஃப்ரம் சிக்ஸ்டி டு செவன்டி."

அவர் கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தார். "சிக்ஸ்டி சிக்ஸ், சிக்ஸ்டி செவன்... அங்க வாயெல்லாம் S. அடப்பாவி, அர்த்தத்த டிரான்ஸ்லேட் பண்ணிட்டு சவுண்டைத் தூக்கிப் போட்டுட்டானே!" வெகு நேரம் சிரித்துவிட்டு, "இத நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

ஆறு வருடத்தில் அந்தக் கூடத்தில் கட்டிய பற்கள் எல்லாம் இப்படித்தான் தேறியிருந்தன. பாடநூல் சொன்னது எளிமையானது. மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் காற்று போகும் வழி குறுகினால் விசில் வரும். அகன்றால் 'ச' எல்லாம் 'ஷ' ஆகும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும். காதால் கேட்டுத்தான் மெழுகைச் சுரண்டவோ பூசவோ வேண்டும். கேட்பதற்கு நோயாளி ஒரு தடவையாவது 'ச' சொல்லியாக வேண்டும்.

தபீதாள் பொன்னுரங்கத்தை மேடையில் உட்கார வைத்து, மெழுகுப் பல்லை வாயில் பொருத்தி, "நீங்க ஸ்டாண்டுல கூவற மாதிரி கூவுங்கய்யா" என்றாள்.

"இங்கயா?"

"இங்கதான். மெதுவா வேணாம், நிஜமா கூவற மாதிரி."

அவர் தொண்டையைக் கனைத்து, "சிங்கப்பெருமா கோயில், செங்கல்பட்டூஉ..." என்று ஆரம்பித்தார். இரண்டு விசிலும் சுத்தமாக வந்தன. கீழே யாரையோ அழைத்து வந்திருந்த ஒரு பெரியவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். தபீதாள் பல்லைக் கழற்றி, முன்பற்களுக்குப் பின்னால் மெழுகைச் சுரண்டினாள். அடுத்த தடவை 'ஷிங்கப்பெருமா' என்று வந்தது. சிறிது பூசினாள். நான்கு நாள், பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை, அந்த மண்டபத்தில் செங்கல்பட்டு பஸ் புறப்பட்டுக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் விசிலும் இல்லை, ஷகாரமும் இல்லை. பொன்னுரங்கம் தானே ஒரு முறை மேல்மருவத்தூர், அச்சரப்பாக்கம், திண்டிவனம் வரை போய்ப் பார்த்துவிட்டு, "பாப்பா, நீ டாக்டருதான்" என்றார்.

பரீட்சை நாள் ஏப்ரல் பதினெட்டு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டாக்டர் ராஜாராமன், திருநெல்வேலிக்காரர், வெயில் தாங்காமல் கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றியிருந்தார். அவரும் பக்தவச்சலமும் நாற்காலி நாற்காலியாக வந்தார்கள். தசரதனின் நாற்காலியில் அங்காளம்மாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அறுபதிலிருந்து எழுபது வரை எண்ணினாள். நடுவில் அறுபத்தெட்டை விட்டுவிட்டாள். "குட்" என்றார் பக்தவச்சலம்.

தபீதாளின் முறை வந்தது. ராஜாராமன் பல்லை விரலால் அசைத்துப் பார்த்தார், கன்னத்தைத் தள்ளிப் பார்த்தார், கடிக்கச் சொன்னார். தலையாட்டினார். பக்தவச்சலம் கேஸ் தாளைப் புரட்டினார்.

"S ஒலிக்கு நேரா எழுதலயே?"

தபீதாளின் கையில் பேனா இருந்தது. 'திருப்தி' என்று எழுத நான்கு விநாடி போதும். பல் உண்மையாகவே திருப்தியாகத்தான் இருந்தது. அவளுடைய வகுப்பில் முப்பத்தொன்பது பேர் அன்று அந்தச் சொல்லை எழுதியிருந்தார்கள். அவள் எழுதாமல் விட்டதற்குக் காரணம் துணிச்சல் என்று சொல்ல முடியாது. சரியாகச் செய்த ஒரே விஷயத்துக்கு எதிரே தப்பான காரணத்தை எழுதக் கை வரவில்லை.

"வேற மாதிரி டெஸ்ட் பண்ணேன் சார்."

"ஏன்? படிவத்துல என்ன போட்டிருக்கு?"

"அறுபது முதல் எழுபது வரை, சார். ஆனா அதுல S இல்ல சார்."

பக்தவச்சலம் அவளைப் பார்த்தார். "என்ன இல்ல?"

"S ஒலி சார். தமிழ்ல எண்ணும்போது வராது."

"அறுபத்தஞ்சுல 'சு' இருக்கே?"

"அது 'ஞ்சு' சார். 'ஜு' மாதிரி நிக்குது. காத்து சீறாது."

துறைத் தலைவர் கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட ஆரம்பித்தார். உதடுகள் அசைந்தன. அறுபத்தாறு, அறுபத்தேழு. பக்கத்தில் ராஜாராமனும் கூரையைப் பார்த்துக்கொண்டு தனக்குள் எண்ணினார். இரண்டு பேராசிரியர்களும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எழுபதுக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்காலியில் படுத்திருந்த பொன்னுரங்கம் இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதலில் சிரித்தது ராஜாராமன். உடம்பு குலுங்கச் சிரித்தார். "அட, ஆமால்லா! எங்க காலேஜ்லயும் பன்னெண்டு வருஷமா இதத்தான் சார் எண்ணிக்கிட்டு இருக்கோம்" என்றார். பிறகு தான் சொன்னது காதில் விழுந்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீ எப்படிம்மா டெஸ்ட் பண்ணுனே?"

தபீதாள் பொன்னுரங்கத்திடம் தலையசைத்தாள். அவர் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டுகிற மாதிரி கைப்பிடியைத் தட்டி, மண்டபம் அதிர, "சிங்கப்பெருமா கோயில், செங்கல்பட்டு, மாமண்டூரு, மதுராந்தகம், எடமிருக்கு எடமிருக்கு!" என்றார். ஒவ்வொரு 'ச'வும் கத்தியால் நறுக்கிய மாதிரி வந்தது. ராஜாராமன் "அருமை" என்றார். மற்ற நாற்காலிகளில் படுத்திருந்தவர்கள் மெழுகுப் பல்லோடு எட்டிப் பார்த்தார்கள். பக்தவச்சலம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு நடந்தார். ராஜாராமன் தன் எதிரே சிரித்திருக்கக் கூடாது என்பதை அவருடைய முதுகு சொன்னது.

முப்பத்தொன்பது பேர் தேறினார்கள். தபீதாளுக்குத் தேற இரண்டு மார்க் குறைந்தது. அலுவலக கிளார்க்கைப் பிடித்து மார்க் தாளைப் பார்த்துவிட்டு வந்த தசரதன், குறிப்பில் எழுதியிருந்ததைச் சொன்னான்: 'வேலைத் திறன் நன்று. துறை நடைமுறை பின்பற்றப்படவில்லை.'

"நீ இன்னாத்துக்கு அந்தாள்கிட்ட வாயக் குடுத்த? அங்காளம்மாவுக்கு நான் கட்டுன பல்லு பேசறதுக்கே லாயக்கில்ல. குக்கர் மாதிரி விசில் அடிக்குது. நான் பாஸு. நீ ஃபெயிலு. இன்னா படிப்போ, பேஜாரு."

லாசரஸின் அழைப்பிதழ் 'மகள்: தபீதாள்' என்று அச்சாயிற்று. விழாவில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் அவளை டாக்டர் என்றே குறிப்பிட்டார்கள், அவள் ஒவ்வொரு தடவையும் மேசை விரிப்பைப் பார்த்தாள்.

தேறாத மாணவியின் மெழுகுப் பல்லைத் துறை தூக்கிப் போடுவதுதான் வழக்கம். தபீதாள் அதை ஒரு டிபன் டப்பாவில் எடுத்துப் போய், ஆய்வகத்தில் தானே வார்த்து, தேய்த்து, பொன்னுரங்கத்திடம் கொடுத்தாள். அன்றிலிருந்து பெருங்களத்தூரில் எந்த பஸ்ஸும் கண்டக்டரை விட்டுவிட்டுப் போகவில்லை. குடும்பங்கள் சரியான பஸ்ஸில் ஏறின.

ஜூன் கடைசியில் கல்லூரிப் பணியாளர் ஒருவர் நிறுத்தத்துக்கு வந்து பொன்னுரங்கத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். துறைத் தலைவரின் அறையில் டேப் ரெக்கார்டர் இருந்தது. பக்தவச்சலம் தானே மைக்கைப் பிடித்தார். பொன்னுரங்கம் ஏழு முறை கூவினார். பிறகு கேமராக்காரர் வந்தார்.

ஆகஸ்டில், மாநிலப் பல் மருத்துவர்கள் மாநாட்டில் ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. 'தமிழ் பேசும் நோயாளிகளுக்கான பக்தவச்சலம் ஒலிச் சோதனை.' தாய்மொழியின் ஒலிகளை அலட்சியப்படுத்தி ஆங்கில எண்களை அப்படியே மொழிபெயர்க்கும் போக்கு நாடெங்கும் நிலவுவதாக அதன் முதல் பத்தி வருத்தப்பட்டது. இரண்டாம் பக்கத்தில் பொன்னுரங்கத்தின் முகம், கண்களின் மேல் கறுப்புப் பட்டையோடு. அந்தப் பக்கத்தை அவர் டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார்.

"கண்ண மறைச்சுட்டானுங்க. ஆனா வாய் நம்மள்துதான். பாரு."

"அந்தப் பொண்ணு பேரு எங்க?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

பொன்னுரங்கத்துக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னால இருக்கும்" என்றார்.

துறையின் படிவம் மறுபடி அச்சாயிற்று. 'S ஒலிச் சோதனை (பக்தவச்சலம் முறை): சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு என்று மும்முறை சொல்லச் சொல்லவும்.'

அக்டோபர் துணைத் தேர்வுக்கு முந்தின வாரம் தசரதன் வெள்ளைக் கோட்டோடு ஆய்வகத்துக்கு வந்து தபீதாளின் பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் அப்போது பயிற்சி மருத்துவர். வீட்டு வாசல் பலகை ஒருவழியாக உண்மையாகிவிட்டது.

"ஏய் தபீ, இந்த தபா வைவால ஒரு கேள்வி நிச்சயம். பக்தவச்சலம் சாரு எல்லாப் பசங்களையும் கேட்டுகினு கீறாரு. சிங்கப்பெருமாள் கோயில் டெஸ்ட்டக் கண்டுபிடிச்சது யாரு?"

தபீதாள் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தாள்.

"என்னையுமா கேப்பாரு?"

"உன்னயத்தான் மொதல்ல கேப்பாரு. பேர சொல்லிட்டு வந்துகினே இரு. போன தபாவே ஆறு மாசம் போச்சு. இந்த தபாவும் போனா என் தம்பி பேட்ச்சோட ஒக்காரணும், பாத்துக்க. அவன் என்னவிட மக்கு."

வீட்டில் லாசரஸ் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் இருந்தது.

"பொய் சொல்ல வேண்டாம். அதே சமயத்துல உண்மையச் சொல்லி மாட்டிக்கவும் வேண்டாம். அதுக்குத்தான் பாசிவ் வாய்ஸ் இருக்கு. யார் செஞ்சான்னு சொல்ல இஷ்டமில்லாத எல்லாக் காரியத்தையும் கவர்ன்மென்ட்டு அதுலதான் எழுதுது. 'இந்தத் துறையில் உருவாக்கப்பட்டது.' அவ்வளவுதான். இலக்கணப்படி சரி, உண்மைப்படியும் சரி. நீயும் அந்தத் துறையிலதானே இருந்தே?"

அவள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். உருவாக்கப்பட்டது. சொல்லச் சொல்ல யாரும் செய்யாமல் தானே நடந்தது போலத்தான் இருந்தது.

துணைத் தேர்வுக்கு அவள் கொண்டுவந்த நோயாளி முடிச்சூரிலிருந்து செல்லம்மா. வெற்றிலை போட்டே பல்லை இழந்தவர். செங்கல்பட்டை மூன்று முறை பிழையின்றிச் சொன்னார். நான்காவது முறையும் சொல்லட்டுமா என்று கேட்டார். வேலை முடிந்து, தபீதாள் பழைய மணமகன் அறைக்குப் பக்கத்து அறையில் வாய்மொழித் தேர்வு மேசைக்கு முன்னால் நின்றாள். இந்தத் தடவை வெளித் தேர்வாளர் நாகர்கோவில் பக்கத்து டாக்டர் ரத்தினபாய். பக்தவச்சலம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ரத்தினபாய் அண்ணம், தாடை, கடி எல்லாம் கேட்டார். பதில்கள் வந்தன. பிறகு புதுப் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"இந்த S டெஸ்ட் ரொம்ப நல்லா இருக்கே. இது எப்படி வந்ததும்மா?"

"இந்தத் துறையில் உருவாக்கப்பட்டது, மேடம்."

ரத்தினபாய் திருப்தியோடு பக்கத்தைத் திருப்பினார். பக்தவச்சலம் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"யாரால உருவாக்கப்பட்டது?"

கேள்வி மென்மையாக, உதவி செய்கிற குரலில் வந்தது. தபீதாள் அவரைப் பார்த்தாள். அவருடைய முகத்தில் கோபமோ பயமோ எதுவும் இல்லை. ஏப்ரலில் விரல் விட்டு எண்ணிய ஆள் அவர்தான் என்று அந்த முகத்துக்கு நினைவில்லை. மாநாடு முடிந்து இரண்டு மாதத்தில் அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"டாக்டர் பக்தவச்சலம் அவர்களால், சார்."

"புரொபசர் டாக்டர்."

"புரொபசர் டாக்டர் பக்தவச்சலம் அவர்களால், சார்."

"பசங்கள விட பொண்ணுங்க தெளிவா சொல்றாங்க மேடம்" என்றார் பக்தவச்சலம்.

ரத்தினபாய் மார்க் தாளை இழுத்து, பேனாவைத் திறந்தார். "எந்த வருஷம்?"

"இந்த வருஷந்தான் மேடம். ஏப்ரல் பதினெட்டு."

"ஆகஸ்ட்" என்றார் பக்தவச்சலம்.

பேனா தாளின் மேல் நின்றது. ரத்தினபாய் இருவரையும் பார்த்தார். அவருக்கு எதுவும் விளங்கவில்லை, தேதிகளில் அக்கறையும் இல்லை. இன்னும் ஆறு மாணவர்கள் வெளியே நின்றார்கள், அவருக்கு ராத்திரி ரயில் இருந்தது.

"ஆகஸ்ட், மேடம்" என்றாள் தபீதாள்.

பேனா எழுதியது. தேறுவதற்குப் போதுமான இரண்டு இலக்க எண் ஒன்று, அடியில் ஒரு கோடு.

"போகும்போது அடுத்த ஆளை வரச் சொல்லும்மா" என்றார் ரத்தினபாய்.